கடைசி டேப்பின் அடியில்

அன்புள்ள அப்பா,

பிரிக்ஃபீல்ட்ஸ் சுவரில் உங்கள் வண்ண முக்கோணங்கள் பிரமாதம். பேப்பரில் வந்த பேட்டி அதைவிடப் பிரமாதம். "எனக்குப் பிள்ளைங்க இல்ல, இந்தக் கலருங்கதான் பிள்ளைங்க." கிள்ளான் வீட்டில் அம்மா அதை இரண்டு தடவை வாசித்தார். அன்றைக்கு நானும் தம்பியும் மெகி நூடுல்ஸ்தான் தின்றோம்.

நேற்று நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் வந்தேன். காவல்கார அங்கிள், "யாரும்மா நீ?" என்றார்.

"பெயிண்டரோட மஞ்சக் கலர், அங்கிள்." சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

கலர் ஓரம் நேராக வர ஒட்டியதில், திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் உரிக்க நீங்கள் விட்டுவைத்த கடைசி டேப்பைத் தூக்கி, அடியில் எங்கள் இருவர் பெயரையும் ஐசி அடையாள அட்டையில் இருப்பதுபோலவே உங்கள் பெயரோடு சேர்த்து எழுதி, பழையபடி ஒட்டினேன். நீங்கள் உரித்த பிறகுதான் அங்கிள் இக்கடிதத்தைத் தருவார்.

இந்நேரம் உங்கள் செராஸ் வீட்டு ஆன்டியும் வாசித்திருப்பார். தேய்த்துப் பார்க்காதீர்கள். உங்கள் பெயிண்ட்தான், பத்து வருஷ மழைக்கும் போகாது என்று பேட்டியில் நீங்களே சொன்னீர்களே.

இப்படிக்கு,
சுவரில் முதலாவதாக இருப்பவள்