நீங்கள் ஊற்றிய கெட்டி ஆயில்

காலையில் காரைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் துணி தேடியபோது, ஷெட் அலமாரியின் அடித்தட்டில் உங்கள் ஆயில் கேன் கையில் பட்டது. பாதிக்கு மேல் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷமாகிறது. துவைத்து மடித்து வைத்திருக்கும் சட்டைகளில் இல்லாத உங்கள் வாசனை அந்தக் கேனுக்குள் இருந்தது.

இந்தக் கேனுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் எஞ்சினுக்கு மெல்லிய ஆயில்தான் போட்டிருந்தது. நீங்களோ அதைவிடக் கெட்டியான ட்வென்டி ஃபிஃப்டிதான் ஊற்றுவேன் என்று நின்றீர்கள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். அளவுத் தாளில் இருப்பதைவிட அரை சென்டிமீட்டர் கூடினாலும் தள்ளிவைத்துப் பழகிய கை இது.

"ஏனுங்க, காரைச் செஞ்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்பேன்.

நெருப்பெரிச்சல் ஊரில் முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் ஓட்டியவர் நீங்கள். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் காட்டுவீர்கள். "இது தண்ணியாட்டம் இருக்குது அம்மிணி. நிட்டிங் ஊசிக்கு விடத்தான் ஆகும்." அதற்குமேல் ஒரு காரணமும் சொன்னதில்லை.

சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர் என்பதுதான் உங்கள்மேல் எனக்கிருந்த தீராத குறை. வீட்டில் நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவீர்கள். அடுப்படியிலிருந்து பேசினால் பதிலே வராது. மெஷின் இரைச்சலில் காது மந்தமாகியிருந்தது எனக்கும் தெரியும். ஆனாலும் பாதி வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

காருக்குள் மட்டும் நீங்கள் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டுவீர்கள். என் தங்கை வீட்டுச் சங்கதியைப் பாதியில் நிறுத்தினால், "அப்புறம்?" என்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே, டப்பாவில் வெண்ணெய் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போனபின் முதல் சர்வீஸுக்கு நானே காரை எடுத்துப்போனேன். புத்தகத்தை விரித்துக் காட்டி, அதில் இருக்கும் ஆயிலையே ஊற்றச் சொன்னேன். ஒருவழியாக ஜெயித்தேன். வண்டி இலகுவாக ஓடியது, மைலேஜும் கொஞ்சம் கூடியது. ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முன்னாலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சண்டை போட எதிரில் ஆள் இல்லாத ஜெயிப்பு எவ்வளவு சப்பென்று இருக்கிறது தெரியுமா?

இன்று மறுபடி சர்வீஸ். ஏனென்று தெரியவில்லை, உங்கள் கேனையும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு அனுப்பர்பாளையத்துக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஒர்க் ஷாப் வைத்திருக்கும் நம் மெக்கானிக்கிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அது கெடுதல் ஒண்ணும் இல்ல மதினி. இந்த ஆயிலுக்கு லேசாக் கேக்கத்தான் செய்யும். அண்ணாச்சிக்குத்தான் அந்தச் சத்தம் ஆகாது."

"ஏனுங்க?"

"கெட்டி ஆயில் ஊத்துனா சத்தம் அடங்கிரும்லா. 'மைலேஜ் போனாப் போகுதுங்க, இந்தச் சத்தத்துல ஊட்டுக்காரம்மா பேசறது காதுல உளுக மாட்டேங்குது'ம்பாக. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லையே. காது கேட்கவில்லை என்று என்னிடம் சொல்ல அத்தனை வெட்கமா உங்களுக்கு? ஊசிக் கதையை நம்பி இத்தனை வருஷம் உங்களோடு மல்லுக்கு நின்றேனே. அந்த எண்ணெய்க் கை ஆட்கள் முன்னால் அழக்கூடாது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்ப எதை ஊத்த மதினி?"

காரிலிருந்து கையோடு எடுத்துவந்த உங்கள் கேன் மடியில்தான் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. புத்தகத்தில் இருப்பதையே ஊற்றச் சொன்னேன். இனி அந்தக் காருக்குள் யார் காதில் என்ன விழ வேண்டியிருக்கிறது?

திரும்பும்போது கேன் மறுபடி பக்கத்து சீட்டில். சிக்னலில் நின்றதும் டிக் டிக் ஆரம்பித்தது. கண்ணாடியை ஏற்றினேன்.

"ஏனுங்க, வெண்ணெய் தீந்துபோச்சுங்க" என்றேன். உங்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.