அப்பாவின் வலது குதிகால்

அன்புக் கண்ணு கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பு நோகாமல் இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சொல்லாதே என்று கண்ணைக் காட்டுகிறார். அதனால்தான் லீவுக்கு வந்த உன் சிநேகிதி மௌனிகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதறாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

அப்பாவின் குதிகால் வலி உனக்குத் தெரியும். எலும்பு வளர்ந்திருக்கிறது என்று ஊசி போட்டார்கள், நீ அனுப்பிய மெத்துமெத்தென்ற செருப்பையும் போட்டுப் பார்த்தார், குறையவில்லை. மற்றவர்களுக்குக் காலையில் முதல் அடி வைக்கும்போதுதான் அதிகம் வலிக்குமாம், இவருக்கோ படுத்திருக்கும்போது போர்வை பட்டாலே எரிந்தது. ஆடி மாதம் வால்பாறையிலிருந்து பஸ்ஸை இறக்கிக்கொண்டு வந்தபோது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்ததும் குதிகாலிலிருந்து விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்துவிட்டது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். நடுவழியில் விட்டால் எப்படி என்று ஜனங்கள் சத்தம் போட, கண்டக்டர் சஹீரும் மெதுவாக உருட்டிக் கீழே போய்விடலாம் என்றாராம். அப்பா சீட்டை விட்டு இறங்கி, "என்ற காலு மேல எனக்கே நம்பிக்கை இல்லீங்க. இத்தனை உசுர வெச்சுட்டு ஓட்டமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, வேறு டிரைவர் வரும்வரை பேச்சு வாங்கிக்கொண்டே நின்றிருக்கிறார்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் உள்பக்கக் கணுக்காலுக்குக் கீழே விரலால் லேசாகத் தட்டியதும் அப்பா துள்ளிவிட்டார். ஸ்கேனில் பார்த்தால் நரம்பில் நிலக்கடலைப் பருப்பளவு கட்டி. புற்றுநோயா என்று நான்தான் கேட்டேன். குதிகால் வலிக்கு இது ரொம்ப அபூர்வமான காரணம், பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, ஆனாலும் எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். நரம்பை அறுக்காமல் கட்டியை மட்டும் பிரித்து எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் சோறு தின்றோம். சாதாரணக் கட்டிதான் என்று டாக்டரம்மா சொன்னதும், அவருக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார், வாசல்வரை வந்து ஞாபகம் வந்து திரும்பிப் போய்க் கும்பிட்டோம். உள்ளங்கால் இன்னும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, சரியாகச் சில மாதம் ஆகுமாம், அதுவரை டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நீயும் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், வலி விடாமல் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதே. மௌனிகாவிடமே ராகி மாவும் கொடுத்திருக்கிறேன், வண்டு விழுவதற்குள் தீர்த்துவிடு. மறைத்ததற்கு அப்பாவைத் திட்டாதே கண்ணு, நீ அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அழுவாய் என்றுதான் பயந்தார். இரண்டு பேரும் குறையில்லாமல் நல்லா இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல நல்லா இருக்கேன் என்பார். இந்தத் தடவை நம்பு.

உன் அம்மா,
கருப்பாத்தாள்
போத்தனூர்