கூரை போடாத வலைக்கூடம்

என் தனத்துக்கு,

மதிப்பெண் போட்டாகிவிட்ட ஒரு வேலையை யார் செய்து முடிப்பது? எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். என்னைத் திட்டிக்கொண்டே சொல்லியிருப்பாய்.

நீ கண்மூடிய பிறகு வந்திருக்கும் முதல் மீன்பிடித் தடைக்காலம் இது. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. திருவொற்றியூரில் உங்கள் குப்பத்து ஆண்கள் கரையில் இருக்கிறார்கள், கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டு. அதற்கு நிழல் வேண்டும் என்றுதானே கடைசியாக என்னிடம் ஒரு கூடம் கேட்டாய்? "உன் பசங்க பேப்பர்ல வரையறத இங்க வந்து கட்டட்டுமேடி" என்றாயே.

வந்தார்கள். பொங்கல் முடிந்து எங்கள் கட்டடக்கலை மாணவர்கள் வந்து அளந்தார்கள், வரைந்தார்கள், தூண் நட்டு மேலே சட்டமும் பொருத்தினார்கள். அந்த மாதங்களில் உன் தம்பி சேகரும் மற்றவர்களும் கடலில். அவர்கள் கரைக்கு வந்த வாரம் கல்லூரியில் தேர்வு. பிறகு விடுமுறை. மக்களோடு சேர்ந்து கற்பது என்று பாடத்துக்குப் பெயர் வைத்தோம். மக்கள் வீட்டில் இருக்கிற மாதங்களில்தான் நாங்கள் இருப்பதில்லை. இதைப் போன வருடமே துறைத்தலைவரிடம் சொன்னேன். யார் கேட்டார்கள்?

கூரைத் தகடுகள் சேகர் வீட்டுச் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன. தூண்களுக்குப் பக்கத்திலேயே, வெயிலில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வலை தைக்கிறார்கள். பார்க்கப் போனேன்.

"வா டீச்சர்" என்றான் சேகர். இத்தனை வருடம் யக்கா என்று கூப்பிட்டவன். "தூண நட்டு, போட்டா புட்ச்சிக்கினு போய்ட்டாங்கோ. வெயிலுக்குத் தூண கட்டிப் புட்ச்சிக்கினு நிக்கவா?"

"தகடு இருக்கே சேகர், நீங்களே..."

"நாங்க போட மாட்டோமா? அரை நாள் வேல. பேரு வாங்கனது நீங்கோ, முடிக்கறது நாங்களா? கூரை ஏறாம அடுத்த செட்டு பசங்க இந்தக் குப்பத்துல கால வெக்கக் கூடாது. ஊர்ல பேசி முடிச்சாச்சு."

"வுடுய்யா, யக்கா தனியா இன்னா பண்ணும்?" என்றாள் அவன் மனைவி கலா.

"எங்கக்கா தோஸ்துன்னு நீ பரிஞ்சிக்கினு வராத."

துறைத்தலைவரிடம் போனேன். "மேடம், மார்க் ஏத்தியாச்சு. பசங்க கத்துக்கவேண்டியதக் கத்துக்கிட்டாங்க. கூரை சிலபஸ்ல இல்லையே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில், நாளை வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். கட்டைவிரல்கள் நிறைய வந்தன. பாதிப்பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்துகிறேன். கட்டைவிரலை நம்புகிறவள் இல்லை நான்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன், தனம். களப்பணி இனித் தடைக்காலத்தில் நடக்கும். இல்லையென்றால் என் கையெழுத்தோடு நடக்காது. துறையில் என்னைப் பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லட்டும்.

இது மறுநாள் எழுதுவது. நான்கு பேர் வந்தார்கள். சேகர் வலை தைத்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் அவர்களை நிற்க வைத்தான். அதில் ஒரு பெண் தானே ஒரு தகட்டைத் தூக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டாள். "தகட வுடும்மா, பேஜாரு" என்று சேகர் எழுந்து வந்தான். கலா மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். பிறகு மற்ற ஆண்களும் வந்தார்கள். மாலைக்குள் ஒரு பக்கக் கூரைதான் முடிந்தது. மறுபக்கம் வெறும் சட்டம். நாளைக்கு வருவீர்களா என்று நால்வரையும் கேட்டேன். இரண்டு பேர் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தார்கள். மற்ற இருவரும் பார்க்கலாம் மேடம் என்றார்கள்.

சேகர் ஏணியை எடுத்து உள்ளே வைக்கவில்லை. கூரை இல்லாத பக்கத்தில் சாத்திவிட்டுப் போனான்.

உன் வீட்டுச் சோற்றில் படித்து முடித்த உடன்பிறவாச் சகோதரி,
விஜயா