ஐயாவின் சட்டைப் பையில் இருந்த படம்

நெல்லியடி,
12.08.1994

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு அக்கா இராசமலர் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய். உன் சுகத்துக்கு வல்லிபுர ஆழ்வாரை வேண்டுகிறோம்.

வைகாசியில் நீ போட்ட கடிதமும் நீ பறக்கிற படமும் செஞ்சிலுவைக் கப்பலில் வந்து ஆனி நடுவில்தான் கைக்குக் கிடைத்தன. முதலில் உன்னை ஏசிவிடுகிறேன். உன்னைச் சுவிஸுக்கு அனுப்பியது உயிரோடு இருக்கத்தானே தவிர, மலையிலிருந்து குதிக்க அல்ல. நீ கோப்பை கழுவுகிற கடையின் முதலாளி தன் பழைய பரசூட் மாதிரிச் செட்டையைத் தந்தால், அதில் தொங்கிக்கொண்டு குதித்துவிடுவதா? உனக்கு விசர்தான்.

ஆனாலும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வாசித்தேன். ஆறு மாதமாக ஒரே மலையடியில் இறங்கிப் பழகியவன், அன்றைக்கு வெயில் சூட்டில் மேலெழும்பிய காற்றில் சுற்றிச் சுற்றி ஏறி, முதல் முறையாக அந்த மலையை விட்டு இரண்டு பள்ளத்தாக்குத் தாண்டி, முப்பத்தொரு கிலோமீற்றர் போய் மாடு மேய்கிற புல்வெளியில் இறங்கியதும், அந்த வீட்டு மனிசி பால் தந்ததும் ஐயாவுக்கு இப்போது மனப்பாடம். நாலு தரம் வாசிக்கச் சொன்னார். முப்பத்தொரு கிலோமீற்றர் என்றால் நெல்லியடியில் ஏறி யாழ்ப்பாணம் தாண்டி இறங்கலாம், இடையிலை ஒரு சென்றிக் காவலும் மறிக்கேலாது என்று கணக்குப் பார்த்தார். பொங்கலுக்குக் கூவுகிற விண் பூட்டிப் பட்டம் ஏற்றின மனிதன் அல்லவா, முச்சை முடிச்சு எங்கை கட்டியிருக்கு, கயிறு ஆரின்ரை கையிலை என்று கேட்டார். கயிறே இல்லை என்றேன். அப்ப அவன் தன்ரை பாட்டிலை போறான் என்றார்.

படத்தை அவரால் பார்க்க முடியவில்லை. நீ போன பிறகு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல விரலால் தடவிப் பார்ப்பார். சந்தைக்குப் போகிறவர்களைப் படலையில் மறித்து, படத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு உன் கதையைச் சொல்வார்.

கொழும்பில் கண் வெட்டுவதற்கு நாள் கிடைத்தது. என் வயதுக்காரருக்கு இயக்கம் வெளியே போகப் பாஸ் தராது என்பதால், மகளிடம் போகிற பக்கத்து வீட்டுப் பூரணம் அக்காவின் துணையோடு யூலை மூன்றாம் திகதி அனுப்பினேன். வெளிக்கிடுகிற நேரம் படத்தைக் கேட்டார். கண்கட்டு அவிழ்த்த உடனை முதல் பாக்கிறது அவனாத்தான் இருக்க வேணும் என்றார். சோதனையில் கரைச்சல் வருமோ என்று எனக்கு மனதில் தட்டியது தம்பி. தட்டியும், சின்னப் பிள்ளை போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி, அவருடைய சட்டைப் பையில் நானே வைத்தேன்.

கிளாலிக் கடலேரி கடந்து வவுனியாவுக்குப் போகிற வழியில் ஒரு ஆமிச் சென்றியில் அதைப் பிரித்திருக்கிறார்கள். மலைக்கு மேலே செட்டையில் தொங்குகிற தமிழ்ப் பெடியன். ஆர் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வெளிநாட்டு விளையாட்டு என்றாவது சொல்லியிருக்கலாம். ஐயா குருநாகலில் கடை வைத்திருந்த காலத்துச் சிங்களத்தில், என்ரை மகன், ஆறு மாதம் ட்றெயினிங் எடுத்தவன், ஒரு சென்றியும் மறிக்கேலாமல் முப்பத்தொரு கிலோமீற்றர் பறந்தவன் என்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சொன்னாராம். ஊரில் எல்லோருக்கும் சொன்ன அதே கதை. முன்னால் நிற்பது யார் என்று அவருக்கு வடிவாய்த் தெரியவில்லை. திரும்பி வந்த பூரணம் அக்கா இதைச் சொல்லி அழுதா.

இயக்கப் பெடியனின் தகப்பன் என்று அவரைப் பிடித்துக் கொண்டுபோய் இன்றோடு முப்பத்தெட்டு நாள். கொழும்பில் இராசநாயகம் என்ற லோயர் ஒருமுறை மறியலில் போய்ப் பார்த்திருக்கிறார். நீ செய்ய வேண்டியது இதுதான். அது விளையாட்டு என்றும், அங்கே யாரும் பழகலாம் என்றும், மார்க்கண்டுவின் மகன் குகதாசன் எப்போது சேர்ந்தான், அன்று எங்கே ஏறி எங்கே இறங்கினான் என்றும் உங்கள் கிளப்பில் இங்கிலீசில் எழுதி, சீல் குத்தி வாங்கு. வெள்ளைக்காரர் பறக்கிற படம் நாலைந்தும் வை. லோயரின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, நேரே அவருக்கு அனுப்பு. ஒரு நாளும் பிந்தாதே. இனியும் சுணங்கினால் வெட்டியும் பார்வை வராது என்று டொக்டர் முன்னமே சொன்னவர்.

அம்மாவிடம், ஐயாவின் அடையாள அட்டையில் ஏதோ பிழை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ எழுதுகிற கடிதத்தை நான்தான் அவவுக்கு வாசிக்க வேண்டும். அதனால் மன்னிப்பு, கின்னிப்பு என்று ஒரு சொல்லும் எழுதிவிடாதே. படத்தைப் பையில் வைத்தது என் கை. அந்தப் பாரம் என்னோடு இருக்கட்டும்.

லோயரிடம் ஐயா தன் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். உவனுக்கு அறிவிக்க வேண்டாம், அறிஞ்சால் பறக்கிறதை விட்டிடுவான் என்று மட்டும் சொன்னாராம். கிளப் தாள் தேவை என்றபடியால் அவருடைய சொல்லை மீறி எழுதிவிட்டேன்.

என் மனதைக் கேட்டால், நீ இனி அந்த மலையில் ஏறக்கூடாது. இதை வாசித்த பிறகு உன்னால் ஏறவும் முடியாது, உன்னை எனக்குத் தெரியும். ஆனாலும் கிளப் தாளோடு ஐயாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் வை. அடுத்த முறை போகும்போது லோயர் அதை அவருக்கு வாசித்துக் காட்டுவார். அதில் உன் இரண்டாவது தூரப் பறப்பை எழுது. எங்கே ஏறினாய், காற்று எப்படி இருந்தது, யார் வீட்டு வாசலில் இறங்கினாய், எல்லாம் எழுது. பறக்காவிட்டாலும் பறந்ததாக எழுது, தம்பி.

ஆழ்வார் உன்னையும் ஐயாவையும் காக்கட்டும்.

உன் அக்கா,
இராசமலர்