கார்டிடம் உன் மகள் கேட்டது

கோபம் வந்தாலும் பாதியிலேயே சிரித்துவிடுகிற என் மரகதம் அக்காவுக்கு,

நீ இல்லாமல் இந்த வருஷ நாடகம் நடந்து முடிந்துவிட்டது. பொன்னேரியில் இப்போது அதைப் பற்றித்தான் பேச்சு. கடைத்தெருவிலும் ரயிலடியிலும், பெரிய வகுப்புப் பையன் ஒருவன் பச்சைக் குழந்தையிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான் என்கிறார்கள். அவன் உண்மையில் என்ன சொன்னான் என்பது நாடகக் கொட்டகைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் உனக்கு மட்டும் எழுதவேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க யோசிக்கிறவள் நான். இதற்கு மட்டும் கூச்சப்படப் போவதில்லை. உன் வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொண்டேன். "எழுதுங்க டீச்சரம்மா, அந்தப் புள்ள மேல பழி வேணாம்" என்றார்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பொங்கல் கழிந்ததும் எங்கள் ஹைஸ்கூல் பிள்ளைகள் பக்கத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு நாடகம் போடுவார்கள். நீ இங்கே டீச்சராக வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம் அது. நாடகம் முடிந்ததும் நடித்தவர்கள் வேஷத்தோடு மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். குழந்தைகள் எழுந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கரடியிடம் கேட்டால் கரடிதான் பதில் சொல்ல வேண்டும்.

"மீசை ஒட்டிக்கோ, வாலு கட்டிக்கோ. ஆனா கொழந்தைக்குப் பொய் சொல்லிட்டு எறங்கினே, அடுத்த வருசம் உனக்கு மரம் வேசம்தான்" என்று நீ பையன்களை மிரட்டுவாய். ஆடாமல் அசையாமல் கடைசிவரை நிற்கிற வேஷம் அது. ஒரு வருஷம் ராஜாவிடம் ஒரு வாண்டு, "நீ வெளிக்குப் போவும்போது கிரீடத்த எங்க வெப்பே?" என்று கேட்டது. ராஜா நிஜமாகவே யோசித்து, "மந்திரிகிட்ட குட்த்துட்டுப் போவேன்" என்றான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

இந்த வருஷம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இனி என்னுடையது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த முறை முன்வரிசையில் உன் பொற்கொடி உட்கார்ந்திருப்பாள். ஒன்றாம் வகுப்பு.

நீ காசநோய் சானடோரியத்தில் இறந்துபோன செய்தி அவளுக்குத் தெரியாது. உன்னை இங்கே கொண்டுவரவில்லை. மெட்ராஸிலேயே எல்லாம் முடிந்தது. அண்ணா அவளைக் கும்மிடிப்பூண்டியில் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, ஆரணியாற்றங்கரையில் கருமாதியை முடித்துக்கொண்டு வந்து தெருவில் நின்று சொன்னார்: "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவங்க அம்மா ஆஸ்பத்திரியில கீறா. அவ்ளோதான்." (உன்னை அக்கா என்றாலும் உன் வீட்டுக்காரரை, அத்தான் என்னாமல், அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். ஊர் வாய் உனக்குத் தெரியாததா?) எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத அந்தத் தெரு, இதை மட்டும் கட்டிக்காத்தது.

அவளுடைய பேச்சு "அம்மா வந்ததும்" என்றுதான் ஆரம்பிக்கும். முதல் பல் விழுந்தபோது அதைக் கூரையில் போட விடவில்லை. தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள், உனக்குக் காட்டுவதற்கு.

இப்படிப்பட்ட குழந்தைக்கு எந்த நாடகத்தைக் காட்டுவது, சொல். ஹெட்மாஸ்டர் ஒரு புராணக் கதையைச் சொன்னார். அதில் ஒரு தாய் செத்துப்போகிறாள். வேண்டாம் என்றேன். பையன்கள் எல்லோரும் உன்னுடைய நாரை நாடகத்தைக் கேட்டார்கள். சிறகுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பழவேற்காட்டு ஏரியிலிருந்து இரை தேடப் பறந்த தாய் நாரை புயலில் சிக்கிக்கொள்ளும். கோரைப்புல்லுக்குள் குஞ்சு காத்திருக்கும். நண்டும் ஆமையும் இனி அது வராது என்று சொல்லும். கடைசிக் காட்சியில் அது வந்துவிடும்.

அண்ணா களத்து வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அந்த நாரை நாடகத்தையே போடுங்க டீச்சரம்மா. அவ எழுதினது."

"அதுதான் வேணாம்னு பாக்கறேன் அண்ணா. கடைசியில அது திரும்பி வந்துடுதே."

"அதுக்குத்தான் போடச் சொல்றேன். இன்னும் கொஞ்ச நாளு நம்பிகினு இருக்கட்டுமே. நான் இன்னா, உங்க நகையையா கேக்கறேன்?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நம்பிக்கொண்டு இருக்கட்டும் என்று அவர் கேட்டது அவளுக்காக மட்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அன்று உன் நாடகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நான் எத்தனையோ புத்தகம் படித்தவள். போனவர்கள் திரும்பி வருகிற கதைகளைப் படித்து அழுதிருக்கிறேன், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் "வந்துட்டேன்டி என் செல்லமே" என்று நாரை சொல்லும் இடத்தில் எனக்குப் பக்கம் தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கப் போகிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பெட்டியை மூடிவிட்டேன்.

தாயே இல்லாத நாடகமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. நம் கதைகளில் ஒரு எலிக்குஞ்சுக்குக்கூட அம்மா இருக்கிறாளே! கடைசியில் நானும் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்றைக் கட்டினோம். பொன்னேரிச் சந்தையிலிருந்து காய்கறிகள் மெட்ராஸுக்கு ரயிலேறுகின்றன. பூசணிக்காய் டிக்கெட் வாங்காமல் ஏறிவிடுகிறது. ரயில் கார்டு அதைப் பிடிக்கத் துரத்துகிறார். அவ்வளவுதான் கதை.

பூசணிக்காய் நம் முனிரத்தினம். "டீச்சர், நான் நடக்கணுமா, உருளணுமா?" என்றான். "நீ சும்மா நின்னாலே உருள்ற மாதிரிதாண்டா கீது" என்றான் காதர். பழவேற்காட்டு ஜவுளிக் கடைக்காரர் மகன் காதரை உனக்கு நன்றாகத் தெரியும். உன் நாடகங்களில் நண்டாக வந்து இந்த வருஷம் கார்டாக உயர்ந்திருக்கிறான். அவனுடைய வாப்பாவின் பழைய கறுப்புக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஒத்திகையில் நான் உன்னை நினைக்காமல் சிரித்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வீடு திரும்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மா இல்லை, குஞ்சு இல்லை, காத்திருப்பது இல்லை. ஒவ்வொரு வரியையும் நெல்லில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எறிந்திருந்தேன். நிம்மதியாக இருந்தேன். ரயில் என்ற ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை, அக்கா.

நாடகத்தன்று குழந்தைகள் கூரை பிய்த்துக்கொள்ளும்படி கத்தினார்கள். பூசணிக்காய் முருங்கைக்காய்க்குப் பின்னால் ஒளிந்தபோது பொற்கொடி எழுந்து நின்று, "கார்டு, அங்க கீது! அங்க கீது!" என்று காட்டிக்கொடுத்தாள். நீ சிரிக்கிற மாதிரியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அப்புறம் கேள்வி நேரம். "உன்ன அறுத்தா வலிக்குமா?" என்று ஒருத்தி பூசணிக்காயைக் கேட்டாள். "வலிக்கும். ஆனா சாம்பார்ல வுழுந்ததும் சூடு பட்டு சரியாப் பூடும்" என்றான் முனிரத்தினம். பொற்கொடி கையைத் தூக்கினாள்.

"கார்டு மாமா, எங்க அம்மா உன் வண்டியிலதான மெட்ராஸ் போனாங்க. எப்ப இட்டுகினு வருவே?"

கொட்டகையில் குழந்தைகள் மட்டும்தான் சாதாரணமாக இருந்தார்கள். அவர்களுக்கு அது பூசணிக்காய்க் கேள்வி மாதிரி இன்னொரு கேள்வி. ஆரம்பப் பள்ளி டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காதர் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு எந்த ஜாடையும் காட்டவில்லை. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அவன் மேடையிலிருந்து இறங்கி, கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே குந்தினான். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஆமா பாப்பா. என் வண்டியிலதான் போனாங்க."

"எப்ப வருவாங்க?"

"போறவங்க எல்லாரையும் என்னால கொண்டாந்து வுட முடியாது. உங்க அம்மாவ என்னால கொண்டார முடியாது பாப்பா."

"ஏன், டிக்கெட் வாங்கலையா?"

கையிலிருந்த பச்சைக் கொடி கீழே விழுந்தது. அவன் அழுதான். காதர் சொன்னது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

அவள் என் பக்கம் திரும்பி, "டீச்சர்?" என்றாள்.

சொன்னது நான். சாமியிடம் போய்விட்டாள், நட்சத்திரமாகிவிட்டாள் என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா செத்துட்டாங்க, கண்ணு. உடம்பு ரொம்ப முடியாமப் போயி செத்துட்டாங்க" என்றேன். பழி சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லட்டும்.

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் என் புடவைக் கரையை நீவிக்கொண்டிருந்தாள்.

"நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் அழுவுதா? வயித்து வலின்னு சொல்லிச்சு." பிறகு என் காதருகே வந்து, "எனக்குத் தெரிஞ்சிச்சுன்னு நைனாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். இன்னும் அழுவும்" என்றாள்.

அக்கா, அந்த இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். அவர் அவளிடம் மறைத்ததை இனி அவள் அவரிடம் மறைக்கப் பார்த்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு, உன்னை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துவைப்பதா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் களத்துக்கு நடந்தேன்.

அண்ணா போரடித்த வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏன் டீச்சரம்மா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அப்படிக் கேட்டதைத் தாங்க முடியவில்லை.

பொற்கொடி முன்னால் போனாள். "நைனா, உனக்கு வயித்து வலி இல்லல்ல?" என்றாள்.

அவர் வைக்கோல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அறுப்புக்கு வந்திருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தனை பெரிய மனிதர் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அவள் பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தவள், ஒரு கட்டத்தில் தானும் அழ ஆரம்பித்தாள். அவர் அவளை மடியில் இழுத்துக்கொண்டார். நான் வரப்பில் திரும்பி நடந்தேன்.

அதன் பிறகு சில நாள் அண்ணா என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனார். இப்போது பேசுகிறார். பொற்கொடி பள்ளிக்கு வருகிறாள். சில நாள் விளையாடுகிறாள். சில நாள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று இடைவேளையில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், அம்மா ரயில் ஏறின அன்னிக்கு ஜன்னல்ல கை ஆட்டினாங்களாம். அத்தை சொன்னாங்க. நான் பாக்கல. எஞ்சின் புகைய வுட்டுச்சு, அத்தப் பாத்துகினு இருந்துட்டேன். அம்மா கோவிச்சுகினாங்களா?"

இத்தனை நாள் இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்தாளா? உன் பக்கத்தில் உட்கார்ந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது. அண்ணா மூட்டை முடிச்சுகளோடு அடுத்த பெட்டியில் இருந்தார். நீ சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

அவளிடம் சொன்னேன். நீ கை ஆட்டினாய். அவள் பார்க்கவில்லை. நீ என் தோளை இடித்து, "பாரேன் விசாலம், வாயப் பொளந்துகினு எஞ்சினப் பாக்கறா! நல்ல வேள, அழல" என்று சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலையும் சொன்னேன்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"சத்தமாவா?"

"எதிர்ல உக்காந்திருந்தவங்க திரும்பிப் பாக்கற அளவுக்கு."

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு மணி அடிக்கவே ஓடிவிட்டாள்.

அக்கா, என்னிடம் உன்னுடைய பேச்சு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. எல்லாம் அவளுடையது. அவள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். உன்னைத் தெய்வமாக்க மாட்டேன். நீ சட்டென்று சீறியதையும், சமையலில் உப்பை மறந்ததையும், ஆஸ்பத்திரியில் பயந்ததையும் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். நீ சொல்லாத ஒரு சொல்லைக்கூட உன் வாயில் வைக்க மாட்டேன். இது சத்தியம்.

எனக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. அவள் கேட்டால் சொல்ல நான் இருக்கிறேன். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ கூப்பிட்டதனால் மட்டுமே உனக்குத் தங்கையான,
விசாலம்