பத்து ஆல்பமும் தாய்மாமன் காதும்

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த வருசத்துச் சிறந்த பத்து ஆல்பம் பட்டியலை இன்று தொடங்கிவிட்டேன். பதினோரு வருசமாக விடாமல் எழுதுகிறேன். மதுரையில் மெட்டல் என்கிற இந்தக் கிட்டார் இடிமுழக்கத்தைக் கேட்கிற ஆட்கள் மொத்தம் நாற்பது பேர் தேறுவார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேருக்குக் காது கிடையாது, கறுப்புப் பனியன்தான் உண்டு. மிச்சம் இரண்டு பேர் நானும் சாம்பசிவம் சாரும். அவரையும் இரக்கப்பட்டுத்தான் சேர்த்திருக்கிறேன். பேங்கில் ஓய்வுபெற்ற மனுசன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் தூங்குகிறாரா கேட்கிறாரா என்று தெரியாது.

நான் அப்படியில்லை. திருப்பரங்குன்றத்தில் முப்பத்தொரு வருசமாகச் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று என் பாக்ஸ் ஏறாத மேடை இல்லை. தொண்ணூற்று நாலில் ஒரு காலேஜ் விழாவுக்குப் பெங்களூரிலிருந்து மெட்டல் பாண்டு வந்தது. சவுண்டு என்னுடையது. முடிந்ததும் அந்தக் கிட்டார்க்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, லண்டனில்கூட இப்படிக் கேட்டதில்லை என்று அழுதான். அவன் எந்தப் பாஷையில் சொன்னான் என்று சாம்பசிவம் சார் வருசா வருசம் கேட்கிறார். கண்ணால் சொன்னான். எனக்குப் புரிந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நான்தான் நிறுத்தினேன், அது என்னை நிறுத்தவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

கேட்ட முதல் ஆல்பம், பேல் ஆர்ச்சர்டு பாண்டு. இங்கிலாந்து. ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிசம். அதற்குள் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வந்து குளித்துச் சாப்பிட்டே விடலாம். பதினாறு தடவை தாளம் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. போட்டோவில் இரண்டு கிட்டார்க்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், பாட்டில் ஒருத்தன்தான் கேட்கிறான். இன்னொருத்தனைச் சம்பளத்துக்கு முறைக்க வைத்திருப்பார்கள் போல.

சாம்பசிவம் சாரிடம் சொன்னேன். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுதானே அதில் அழகு என்றார். பாவம். வயதாகிவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

டஸ்ட் மினிஸ்டர், சுவீடன். பாடுகிறவன் தொண்டையில் மீன் முள். எடுத்துவிட ஆளில்லை. ஏழாம் இடம்.

டிசம்பர் 8, ஞாயிறு

அலங்காநல்லூர்ப் பக்கம் அக்கா ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனேன். கறிக்குழம்பு. சாப்பிட்ட பிறகு அக்கா மகள் தமிழ்வாணி ஒரு சேதி சொன்னாள்.

இவள் தல்லாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருசமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பாண்டு ஒத்திகை என்று மதுரைக்குப் போய்வருகிறாள். பாண்டு பெயர் கந்தகம். மூன்று பையன்கள், இவள் ஒருத்தி. இவளும் அதில் ஒரு தாடிக்காரப் பையனும் கிட்டார். முதல் ஆல்பம் போன மாதம் வந்துவிட்டதாம். பெயர் 'ஏழாம் மடை'. அதைக் கேட்டுவிட்டு, ஆறு ஊரில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பெங்களூரில் தொடங்கி ஷில்லாங் வரை. ஜனவரி ஐந்தாம் தேதி கிளம்ப வேண்டும்.

மச்சான் பால்பாண்டி கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கரும்பையும் வாழையையும் தவிர வேறு பேச்சு தெரியாத மனுசன்.

"எனக்கு அந்த இரைச்சல்ல ஒண்ணும் வெளங்காது மாப்ள. நீ கேளு. அவ நல்லா வாசிச்சிருக்கான்னு தாய்மாமன் நீ சொன்னா போகட்டும். இல்லேன்னா பேசாம வேலையப் பாக்கட்டும்."

சரியான ஆளிடம் கேட்டார். எங்கள் வகையறாவில் பெண்ணுக்குக் காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரை தாய்மாமன் சொல்தான். அதிலும் பாட்டு என்று வந்துவிட்டால் ஜில்லாவிலேயே என் சொல்தான்.

கிளம்பும்போது தமிழ்வாணி வாசல் வரை வந்தாள். "மாமா, முழுசாக் கேளுங்க. ரெண்டு நிமிசம் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஏழாம் மடை கேட்டேன். மூன்று தடவை. சரி, இரண்டு தடவை.

வழக்கம்போல் கடையில் போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, பெரிய பாக்ஸில் விட்டேன். பக்கத்துக் கடைப் பூக்காரி எழுந்து போய்விட்டாள். ஆறு பாட்டு. டிரம் பையன் தகர ஷெட்டில் கல் எறிகிறான். கிட்டார் ஒன்றே ஒன்று, அது தாடிக்காரன். சுமார். கடைசிப் பாட்டு ஒன்பது நிமிசம் நாற்பது நொடி. அதன் நடுவில் இரண்டு நிமிசம் ஒன்றுமே இல்லை. டிரம்மும் பேஸும் உறுமுகின்றன, மேலே வெறும் காலி. மேடையைப் போட்டுவிட்டுப் பேச்சாளர் வராத கட்சிக் கூட்டம் மாதிரி. இதைக் கேட்டுவிட்டா ஷில்லாங்குக்குக் கூப்பிட்டார்கள்?

ஆனால் ஒன்று. தமிழ்வாணி எங்கே?

அவள் வாசித்ததாகப் பேர் போட்டிருக்கிறது. பாட்டில் அவள் இல்லை. எந்தப் பாட்டிலும் இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

மச்சானுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஆல்பம் தேறாது, அது போகட்டும், இவள் அதில் வாசிக்கவே இல்லை, போட்டோவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன். காது விசயத்தில் நான் சொந்தம் பார்ப்பதில்லை என்றும் சொன்னேன்.

மச்சான் கேட்டார்: "அப்ப ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை எங்க போனா?"

இதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டுமோ? நான் ஆல்பத்தைப் பற்றித்தானே சொன்னேன்.

டிசம்பர் 14, சனி

அக்கா போன். அழுகிறாள். மச்சான் கிட்டாரைப் பிடுங்கி, உர மூட்டை வைக்கிற அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். வேலைக்கும் போக வேண்டாம் என்றுவிட்டார். தமிழ்வாணி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். மாமன் என்ன பொய்யா சொல்வான் என்று ஒரே பேச்சாகப் பேசியிருக்கிறார்.

பாண்டுப் பையன்களைக் கூட்டிவந்து பேசச் சொல்கிறேன் என்றாளாம். அதற்கு இன்னும் கோபப்பட்டிருக்கிறார். அந்தப் பையன்கள் அவளுக்காகப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவார்கள்?

அவளிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வாட்ஸப். "மாமா, நெசமாவே நான் கேக்கலயா?"

கேட்கவில்லை என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? இல்லாததை இருக்கிறதென்றா சொல்ல முடியும்? கூட்டிக் குறைத்துப் பேசுவேன், ஒத்துக்கொள்கிறேன். காதில் விழாததை விழுந்தது என்று நான் சொன்னதே கிடையாது.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் வேலை. பட்டியலில் ஏழாம் மடைக்குப் பத்தாம் இடம். அதுவும் சொந்தம் என்பதால்.

டிசம்பர் 18, புதன்

சாம்பசிவம் சார் தன் பட்டியலோடு கடைக்கு வந்தார். முதல் இடத்தில் ஏழாம் மடை. தமிழ்வாணி யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பேங்குக்காரருக்கு வேறு என்ன தெரியும் என்று சிரித்தேன்.

"கடைசிப் பாட்டுல அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, முத்திருளன். வருஷம் பூரா கேட்டதுல அது மாதிரி ஒண்ணு இல்லை" என்றார்.

அந்த இரண்டு நிமிசத்தில்தான் ஒன்றுமே இல்லையே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த தன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டி, அந்தப் பாட்டை வைத்தார்.

இடது காதில் டிரம், பேஸ், தாடிக்காரன். எனக்குத் தெரிந்த பாட்டு. வலது காதில் இன்னொரு கிட்டார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் இது அரை நொடி பொறுத்துப் பதில் சொல்கிறது. அந்த இரண்டு நிமிசம் வந்தது. அவன் நிறுத்திக்கொண்டான். வலது பக்கம் மட்டும் போகிறது. மெதுவாகத் தொடங்கி, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு... எனக்கு எழுதத் தெரியவில்லை. வலது பக்கத்துக் கூட்டைக் காதிலிருந்து தூக்கினேன். இல்லை. திரும்ப வைத்தேன். இருக்கிறாள்.

ஆம்ப்ளிஃபயரில் கிடந்த என் வயரைப் பார்த்தேன்.

பாட்டு இரண்டு பங்காக வரும், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. தெருவுக்குச் சவுண்டு போடுகிறவனுக்கு அது தொந்தரவு. கோயில் வாசலில் நிற்பவனுக்கும் கடைசி வீட்டுக்காரனுக்கும் ஒரே சத்தம் போக வேண்டும். அதனால் வயரில் ஒரு பக்கத்தை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டு, மற்றதை வெட்டிவிடுவேன். தொழிலுக்கு வந்த வருசம் பழகினது. சினிமாப் பாட்டுக்கு அதனால் பெரிய குறை தெரியாது. கடையில் இருக்கிற அத்தனை வயரும் அப்படித்தான். நான் வெட்டுகிறது எப்போதும் வலது பக்கம்.

சாம்பசிவம் சாரும் வயரைப் பார்த்தார். "அப்போ பதினோரு வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முடித்திருந்தால் அடித்திருப்பேன்.

டிசம்பர் 20, வெள்ளி

மச்சானிடம் சொல்ல மூன்று கதை தயார் செய்தேன். வயர் கம்பெனியின் தப்பு. இரண்டாவது, மச்சானைச் சோதித்துப் பார்த்தேன். மூன்றாவது நல்ல கதை. ஒரு பக்கம் மட்டும் கேட்டு மதிப்புப் போடுவது ஜெர்மனிக்காரர்கள் வழக்கம்.

மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நன்றாக இருக்கிறேன். அவள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாள் என்பதற்கு எதிலும் பதில் வரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

அலங்காநல்லூர் போனேன். பஸ்ஸில் ஜெர்மனிக் கதையை இன்னும் கொஞ்சம் சரிசெய்துகொண்டே போனேன்.

மச்சான் தோட்டத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. பத்து நாளில் முகம் வற்றிப் போயிருந்தது. வாயைத் திறந்தேன். ஜெர்மனி வரவில்லை.

"மச்சான், நான் தப்பாக் கேட்டுட்டேன். அவ வாசிச்சிருக்கா. எல்லாப் பாட்டுலயும் இருக்கா. வலது பக்கம் முழுக்க அவதான். எங்கிட்ட இருந்த வயர்ல அந்தப் பக்கம் வராது. நாந்தான் வெட்டி வச்சிருந்தேன்."

வயரைக் கையில் கொடுத்தேன். அவருக்கு அதில் என்ன தெரியப் போகிறது. அதை வாங்கிக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நீ தப்புன்னு சொல்லி இந்த முப்பது வருசத்துல நான் கேட்டதே இல்லையே மாப்ள."

"ஆமா மச்சான்."

"அப்ப அது உண்மையாத்தான் இருக்கும்."

கம்பை அப்படியே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். உர அறைப் பூட்டைத் திறந்து, கிட்டார்ப் பையை வெளியே எடுத்து, துண்டால் துடைத்து, கட்டிலில் வைத்தார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

தமிழ்வாணி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். ஓடிவந்து கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"பத்து நாள் மாமா. அப்பாட்டச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. நாலு வருசமாத் தெரியும்ல நான் வாசிக்கிறது."

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

கடையில் இருக்கிற எல்லா வயரையும் திரும்பப் பற்றவைத்தேன். மற்ற ஒன்பது ஆல்பத்தையும் முதலிலிருந்து கேட்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. முன்பு ஒருத்தன் கெடுத்ததை, இப்போது இரண்டு பேர் சேர்ந்து கெடுத்திருக்கிறார்கள். சுவீடன்காரன் தொண்டையில் முள் அப்படியே இருக்கிறது. அந்த இருபத்திரண்டு நிமிசப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை கேட்க வேண்டும். இதைச் சாம்பசிவம் சாரிடம் சொல்லப் போவதில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

பட்டியலை வாட்ஸப் குரூப்பில் போட்டேன். முதல் இடம் ஏழாம் மடை. சொந்தக்காரப் பெண் என்று கறுப்புப் பனியன் ஒன்று கேலி எழுதியிருந்தது. கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் பேசு என்று பதில் போட்டேன். மற்ற பத்து வருசத்துப் பட்டியலையும் யாரும் நம்ப வேண்டாம் என்று அதற்குக் கீழே எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து திரும்ப எழுதிப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

மதுரை ஜங்ஷன். பெங்களூர் ரயில். மற்ற மூன்று பையன்களும் முன்னாலேயே வந்து நின்றார்கள். தாடிக்காரன் எனக்கு வணக்கம் சொன்னான், என் பட்டியலைப் படித்தானாம். சுமாரான ஆள்தான், இருந்தாலும் மரியாதை தெரிகிறது.

மச்சான் கிட்டார்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன், கொடுக்கவில்லை. பெட்டிக்குள் ஏறி, அதை மேல் பலகையில் வைத்து, இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். எதிர் சீட்டில் இருந்த பெரியவர், பாட்டுக் கச்சேரிக்கா போகிறீர்கள் என்று கேட்டார்.

"எம்மகதான் போறா" என்றார் மச்சான். "வலது பக்கம் வாசிக்கிறவ."

அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் விளக்கப் போகவில்லை. லண்டன், பெங்களூர் என்று அவளுக்குச் சொல்வதற்கு வீட்டிலிருந்தே ஒரு பேச்சுத் தயார் செய்து வந்திருந்தேன். வண்டி நகர்கிற சமயம் தமிழ்வாணி ஜன்னலுக்கு வந்து, அப்பாவிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"வாரேன் மாமா."

பதினைந்து நாளில் அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை. சரிம்மா என்றேன்.