யாரும் பிடித்து வைக்காத ஊசி

என் அருமை மச்சான் வேலுவுக்கு,

நீ போன பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் உனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊசிக்குப் பயந்து செத்தவன். என் கடைக்கு வெற்றிலை வாங்க வருகிறவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இனி என் கடைவாசலில் நின்று எவனும் அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்று உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி மலையேறியவன் நீ. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கிய அன்றும், துண்டால் கட்டிக்கொண்டு நீயேதான் ஆஸ்பத்திரிக்கு நடந்தாய். அங்கே இரண்டு பேர் உன்னைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அமுக்கித்தான் ஊசி போட்டார்கள். நீ கத்தினாய். அவர்கள் சிரித்தார்கள். தினமும் ஊசிக்கு வரச் சொன்னார்கள், நீ அதற்குப் பிறகு போகவே இல்லை. புண் சீழ் பிடித்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னைத் தடுத்தது ஊசியின் வலியா, அந்தச் சிரிப்பா?

இப்போது உன் மகள் செல்லம் அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நிமோனியாக் காய்ச்சல். பென்சிலின் ஊசி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, தவறினால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஊசிக்கு உன்னைப் போலவே அவளையும் அமுக்கினார்கள். அடுத்த வேளைக்குக் கட்டில் காலி. உன் பெண்சாதி லெட்சுமி, என் கூடப்பிறக்காத தங்கச்சி, மாரில் அடித்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தது.

ஹட்டன் பஸ் நிற்கும் இடத்தில், மதகுக் கட்டையில் செல்லம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி ஓடிவந்த?"

"பிடிக்காம போட்டா போட்டுக்கிறேன் மாமா. பிடிச்சா திரும்பவும் ஓடிருவேன்."

இத்தனை வருட வியாபாரத்தில் இவ்வளவு நறுக்காகப் பேசின ஆளை நான் அதிகம் கண்டதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை வாங்கிக் கொடுப்பது என் வேலை என்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வார்டு வாசலில் சிப்பந்தி மறித்தான். "ஊசி போடுற நேரம் வெளியாளு நிக்கக் கூடாது முதலாளி."

"நான் வெளியில போனா புள்ளையும் என்னோட வந்துரும். பரவாயில்லையா?"

"தோட்டத்துப் புள்ளைங்களப் பிடிக்காம போட முடியாதுங்க. அதுகளுக்குத் தோலும் தடிப்பு, வலியும் தெரியாது."

"வலி தெரியாதுன்னா அப்புறம் எதுக்குய்யா பிடிக்கிறீங்க?"

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். அங்கே கொதிநீரிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டிருந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதலாளி நிக்கட்டும். ஆனா பிள்ளை ஆடினா ஊசி ஒடியும். அது உங்க பொறுப்பு" என்றாள்.

"என் பொறுப்புதான்" என்றேன்.

அந்த மிஸ்ஸி ஊசியை மறைக்கவில்லை. எந்தக் கால் என்று செல்லத்தையே கேட்டாள். தாய்மேல் சாய்த்து உட்காரவைத்து, "காலை இறுக்காதே, இறுக்கினா கூட வலிக்கும்" என்றாள். நான் செல்லத்தின் முகத்துக்கு நேரே குந்தி, வாயாலேயே ரயில் விட்டேன். லெட்சுமியின் தாய்வீடு வட்டகொடை அல்லவா, அந்தப் பாதை பிள்ளைக்கு மனப்பாடம்.

"ஹட்டன் விட்டா கொட்டகலை. கொட்டகலை விட்டா வட்டகொடை."

"தலவாக்கலைய எங்க போட்டீங்க மாமா? அது இல்லாம எப்படி வட்டகொடைக்குப் போவீங்க?"

"அந்த ஸ்டேஷன மூடிட்டாங்களாமே."

"பொய். போன மாசம்தான் அங்க வடை வாங்கித் தின்னோம்."

"முடிஞ்சிருச்சி" என்றாள் மிஸ்ஸி. செல்லம் தொடையைத் தடவிப் பார்த்தாள். வலித்ததாம், ஆனால் கொஞ்சம்தானாம்.

இத்தோடு தீர்ந்தது என்றுதானே நினைப்பாய்? பக்கத்துக் கட்டில் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தது. "கத்தவே இல்லியே. அப்ப அது தண்ணி ஊசி. எங்க தோட்டத்து மருந்துக்காரரு போட்டா மூணு நாளைக்கு நொண்டுவோம். அதுதான் மருந்து."

உடனே லெட்சுமி மிஸ்ஸியைக் கும்பிட்டது. "மிஸ்ஸி, வலிக்கிற மாதிரியே இன்னொண்ணு போட்டுருங்க. எம்புள்ள பொழைக்கணும்."

சிப்பந்தியின் பேச்சைவிட இதுதான் எனக்குச் சுட்டது மச்சான். நாக்கு எரிந்தால்தான் நல்ல புகையிலை என்று என் கடையில் தேடி எடுக்கிறவர்கள் நம் ஆட்கள். வலியையும் அப்படித்தான் நல்ல சரக்கு என்று நம்பி வாங்கி வைத்திருக்கிறோம். யார் விற்றார்கள் இதை நமக்கு?

"தங்கச்சி, நேத்துப் போட்ட அதே குப்பி, அதே மருந்து. வலி மருந்துல இல்ல, அமுக்குன கையில இருந்திச்சி. வலிச்சாத்தான் பொழைப்பாங்கன்னா, வேலு இன்னைக்கு இங்க நிக்கணுமே."

தங்கச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊசி என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

செல்லத்துக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. இன்று காலை கஞ்சி கேட்டுக் குடித்தாள். பெரியம்மாவோ தனக்கு ஊசி போடும் முறை வந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து, "முதலாளி, எனக்கும் அந்த ரயில விடுங்க" என்றது.

ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தச் சிப்பந்தி இன்றும் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றான். நிற்கட்டும், நானும் நிற்பேன். கடைசி ஊசிவரை உன் மகள்மேல் ஒரு கை விழாது. அவள் நடந்து வெளியே வருகிற அன்று, லயத்து ஆட்களைக் கடைவாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்பேன்: ஊசியைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டவளின் அப்பனையா பயந்தவன் என்கிறீர்கள்?

இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உனக்கு என்றும் மச்சான்,
உன் செல்லத்துக்கு மாமன்,
கடைக்கார முத்தையா